எல்லாரும் எழுந்து நிற்போம்

மில் மிசினில் சிக்கி இறந்த பொன்மணியின் உடலை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து சோழபுரத்துக்குக் கொண்டுவந்தபோது பந்தல் நிறைந்துவிட்டிருந்தது. சபைக்காரர்கள் போக, ராஜபாளையத்து மில்லில் அவளோடு வேலை பார்த்த பெண்களும் ஒரு வேனில் வந்திருந்தார்கள். போதகர் பிரேம்குமார் முதலில், சவப்பெட்டியைச் சுற்றிச் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தவர்களைத் தோளைத் தொட்டுப் பின்னால் நகர்த்தினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. அது அவருக்குக் கைவந்திருந்தது.

ஊழியத்துக்கு வந்த புதிதில் அவருக்கு வேதவசனம் தெரிந்த அளவுக்கு ஜனங்களைத் தெரியாது. அவர் நடத்திய முதல் கல்யாணத்தில், தனக்கு மரியாதை செய்யவில்லையென்று பெண்ணின் தாய்மாமன் குடித்துவிட்டு வந்து மைக்கைப் பிடுங்கினார். பிரேம்குமார் வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெறுமனே நின்றார். தாலி கட்டுமுன்பே இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அதன்பிறகு பட்டுப்பட்டுக் கற்றுக்கொண்டார். குடித்தவனிடம் நியாயம் பேசக்கூடாது, அவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட வேண்டும். எங்காவது சத்தம் கிளம்பினால், "எல்லாரும் எழுந்து நிற்போம்" என்று சொல்லிப் பாட்டைத் தொடங்கிவிட வேண்டும். பாடுகிற வாயால் சண்டை போட முடியாது. அவர் நடத்தும் நல்லது கெட்டதுகளில் தகராறு வராது என்று பேராகிவிட்டது.

மில் மேனேஜர் மாலையோடு வந்தார். பெட்டியருகே உட்கார்ந்திருந்த ரத்தினம், மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மிசினு சரியில்ல, பயமா இருக்குன்னு எம்பிள்ள சொன்னாளே சார். செத்த நேரம் நிப்பாட்டிப் பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

மேனேஜர் மாலையைக் கைமாற்றிப் பிடித்தார். வேனில் வந்த பெண்களில் கருத்தம்மா என்பவள் மட்டும் எழுந்தாள். "நாங்களுந்தான்..." என்று ஆரம்பித்தாள். பின்னால் நின்ற இளவட்டங்கள் மேனேஜரின் கார்ப் பக்கம் நகர்வதைப் பிரேம்குமார் கண்டார். அந்த மண்டை உடைந்த கல்யாணம் நினைவில் வந்தது. யோசிக்கவே இல்லை.

"எல்லாரும் எழுந்து நிற்போம்."

பாட்டு தொடங்கியது. இளவட்டங்கள் நின்ற இடத்திலேயே கையைக் கட்டிக்கொண்டார்கள். கருத்தம்மாவின் உதடுகள் சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் பாட்டின் வரிகளுக்கு அசைந்தன. ரத்தினமும் எழுந்தாள். சிறு வயதிலிருந்து பாடிய பாட்டு. அழுதுகொண்டே, ஒரு சொல்லும் பிசகாமல் பாடினாள். இரண்டாவது சரணத்தில் மேனேஜர் மாலையை வைத்துவிட்டுக் காருக்குப் போனார். பிரேம்குமார் அதைப் பார்த்தார். பாட்டை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவர் வேனைத் தேடிப் போனார். ஜன்னலோரம் கருத்தம்மா உட்கார்ந்திருந்தாள். என்னம்மா சொல்ல வந்தாய் என்று கேட்டார். அவள் முன்சீட்டில் இருந்த மில் சூப்பர்வைசரின் பின்தலையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல ஐயா."

வேன் போய்விட்டது. அவர் ரத்தினத்தின் வீட்டுக்குத் திரும்பியபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரத்தினம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக இருந்தாள். ஜெபிப்பதற்காக அவர் குனிந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேட்டது அவருக்குக் காதுல விழுந்துச்சா ஐயா?"

"விழுந்திருக்கும்மா."

"அப்ப என்ன சொன்னாரு? பாட்டுச் சத்தத்துல எனக்குக் கேக்கல."

அவர் கையை உருவிக்கொள்ளாமல் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். வாடகைச் சாமான்களை ஏற்ற வந்தவர்கள் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் தூக்கி வைத்தார்கள். அவள் உட்கார்ந்திருந்த ஒன்றுக்காகச் சிறிது நேரம் தள்ளி நின்று பார்த்தார்கள். பிறகு அதை விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.