வலது தோள் கம்பளி

மூடுபனி மலையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது. மேய்ச்சல் குடிலுக்கு வெளியே மாடுகள் பாறை மாதிரி நின்றன; பாறைகள் மாடு மாதிரி நகர்ந்தன. எது எதுவென்று சோர்லி மக்கிலோரிக்குத் தெரியவில்லை. தெரியாததை நம்புகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. தெரிந்ததையே பாதிதான் நம்புவார்.

கோடையில் மாடுகளோடு மலையேறுவது பெண்கள் வேலை. சோர்லி வீட்டில் பெண் என்று யாரும் மிச்சமில்லை, அதனால் கிழவரே ஏறி வந்து பால் கறந்தார். பக்கத்துக் குடில் மார்சலிக்கு இது ஓயாத வேடிக்கை.

"என்னண்ணே, இன்னிக்கும் கணவாயையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மாடு உங்க காலை மிதிச்சுக்கிட்டு நிக்குது, அதாவது தெரியுதா?"

"என் காலு, என் மாடு. உனக்கு எங்க வலிக்குது?"

"வருவான்ணே. சண்டைதான் முடிஞ்சிருச்சுல்ல?"

"முடிஞ்சிருச்சுன்னு யார் சொன்னா? ராஜாவோட ஆளு சொன்னான். அவன் என்னிக்கு நெசம் சொன்னான்?"

ருவாரி அவருடைய ஒரே மகன். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினவன். சம்பளத்துக்காகச் சேரவில்லை, துணிக்காகச் சேர்ந்தான். மலைக்குலங்கள் ராஜாவை எதிர்த்துக் கலகம் செய்து தோற்ற பிறகு, டார்டன் கட்டம் போட்ட கம்பளியை எவனும் உடுத்தக் கூடாதென்று லண்டனில் சட்டம் போட்டார்கள். உடுத்தினால் சிறை. ராஜாவுக்காகச் சாகப் போகிறவன் மட்டும் உடுத்தலாம். சவத்துக்குக் கோடி போர்த்துகிற மாதிரிச் சட்டம். அதிலும் பழைய சிவப்பு கிடையாது, மஞ்சள் கிடையாது. பச்சை, நீலம், கறுப்பு. மழைநாள் அந்தி போல ஒரே இருட்டுக் கட்டம், எல்லாக் குலத்துக்கும். தலைமுறை தலைமுறையாக மாடு திருடி, கழுத்தறுத்துக் கொண்டவர்களை ராஜா ஒரே துணியில் சுருட்டிவிட்டார். இப்போது சட்டத்தை நீக்கிவிட்டார்களாம். அதையும் சோர்லி நம்பவில்லை.

கட்டமில்லாத வெறுங்கம்பளியானாலும் ஊரெல்லாம் அதன் மேல்முனையை இடது தோளில் ஊசியால் குத்துவார்கள், வாள் பிடிக்கிற கை சும்மா இருக்கட்டுமென்று. சோர்லி மட்டும் வலது தோளில். இளவயதில் ஒரு மாட்டுச் சண்டையில் மக்டாரன் குலத்தான் ஒருவன் அவருடைய இடது தோளெலும்பை வெட்டிவிட்டான். அதற்குப் பிறகு அந்தத் தோள் ஒரு துணியின் கனத்தைக்கூடத் தாங்காது. பிள்ளைக்கு இரண்டு தோளும் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் அப்பாவைப் பார்த்து அவனும் வலதிலேயே குத்திக்கொண்டான்.

அன்று கணவாய்ப் பக்கம் பனிக்குள் ஓரிடம் கறுத்தது. கறுப்பு மெல்ல நீலமானது, நீலத்திலிருந்து பச்சை பிரிந்தது. துணி மட்டும் தனியாக மிதந்து வருவது போலிருந்தது, உள்ளே ஆள் இருக்கிறானா என்றே தெரியவில்லை. பிறகு வலது தோளில் ஊசி மினுங்கியது.

பால் சட்டி கவிழ்ந்தது. "ருவாரி!"

எத்தனையோ கனவில் அவர் இப்படி ஓடியிருக்கிறார். கனவில் ஓடினால் கால் தரையில் படாது, இப்போதும் படவில்லை. அந்த ஈரக் கம்பளியைக் கட்டிக்கொண்டார். அதற்குள்ளிருந்த கைகள் முதலில் சும்மா தொங்கின. பிறகு மெதுவாக எழுந்து அவர் முதுகைச் சுற்றின. அழுதது யார் என்று மார்சலி பின்னால் கேட்டபோது, பனி என்றார்.

குடிலுக்குள் இழுத்துப் போய் நெருப்போரம் உட்கார வைத்தார். புகையில் பாதி போன கண்ணுக்கு முகம் ஒரு நிழல்தான். ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தார். வந்தவன் வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தான். "முதல்ல தின்னு," என்று அவர் அதட்டினார். அவன் தின்றான். தின்று முடித்து, நனையாமல் மடிப்புக்குள் வைத்திருந்த தொப்பியை எடுத்து முழங்காலில் வைத்தான்.

தொப்பியில் ஜூனிப்பர் தழை.

மக்கிலோரிகள் ஹெதர் பூ செருகுவார்கள். ஜூனிப்பர் மக்டாரன்களுடையது. துணியில் குலம் தெரியாது, தழையில்தான் தெரியும்.

சோர்லியின் கை இடுப்புக் கத்திக்குப் போனது. போன இடத்திலேயே நின்றது. தன் நெருப்பில் சுட்ட ரொட்டியைத் தின்றவன் மேல் கை வைத்தால், அப்புறம் அந்த வீட்டில் நாய்கூடத் தண்ணீர் குடிக்காது.

"ரொட்டி தொண்டையில நிக்குதா, இறங்கிருச்சா?"

"இறங்கிருச்சு, பெரியவரே."

"மக்டாரன் புத்தி. வயித்தை ரொப்பிக்கிட்டு அப்புறம்தான் தொப்பியை எடுப்பான்."

"நீங்க எங்க பேச விட்டீங்க? கட்டிப் பிடிச்சு மூச்சை நிறுத்திட்டீங்க. என் பேரு டூகல்."

"உன் பேரை எவன் கேட்டான்? என் பிள்ளை எங்க?"

"நல்லா இருக்கான்."

"நல்லா இருக்கிறவன் ஏன் வரலை? நீ ஏன் அவன் மாதிரி கட்டிக்கிட்டு வந்திருக்கே? செத்தவன் மேலருந்து உருவினியா?"

டூகல் கோபப்படவில்லை. இடது தோளைத் தொட்டுக் காட்டினான். "இங்க குண்டு பட்டுச்சு. துணி பட்டாலே உசிரு போவும். ருவாரிதான் வலது பக்கம் மாத்திக் குத்திவிட்டான். 'இது எங்கப்பா கட்டு. உங்க தாத்தன் வெட்டினதால வந்த கட்டு, நீயும் கொஞ்ச நாள் கட்டிப் பாருடா'ன்னான்."

சோர்லி சிரிக்கக் கூடாதென்று நெருப்பைக் கிளறினார்.

"அதுக்கு முந்தி ஒரு குளிர்காலம் ஒரே கம்பளியிலதான் படுத்தோம். ஆத்துல நனைச்சுப் பிழிஞ்சு சுத்திக்குவோம். மேல உறைஞ்சு பலகையாயிரும், காத்து நுழையாது. உள்ள ரெண்டு பேர் மூச்சும் ஆவியா நிக்கும், மாட்டுக்கொட்டில் மாதிரி. முதல் நாள் ரெண்டு பேருமே கத்தியைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் படுத்தோம்."

"யார் முதல்ல தூங்கினது?"

"அவன்தான். குறட்டை வேற."

அந்தக் குறட்டை சோர்லிக்குத் தெரியும். கண்ணை மூடினார். தெரியாத நாட்டு ஆற்றங்கரை. வெள்ளை வெளியில் இருட்டுக் கட்டம் போட்ட ஒரு பொதி. அதற்குள்ளிருந்து மெல்லிய புகை போல மூச்சு. எந்த மூச்சு எந்தக் குலமென்று அவரால் பிரிக்க முடியவில்லை. குனிந்து கேட்டுப் பார்த்தார். பொதி கதகதவென்றிருந்தது. அதைவிட்டு எழுந்துவர அவருக்கே மனமில்லை.

"பட்டாளத்தைக் கலைச்சப்போ நோவா ஸ்கோஷியாவுல நிலம் குடுத்தாங்க," என்று டூகலின் குரல் எங்கிருந்தோ வந்தது. "அவனுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நிலம். காட்டை வெட்டிக்கிட்டு இருக்கான், அதான் வரலை. நான் எங்கம்மாவையும் உங்களையும் கூட்டிட்டுப் போக வந்தேன். கப்பல் கீழ நிக்குது, எங்கம்மா அங்கதான் காத்திருக்கா. காத்து திரும்பினா கிளம்பிரும். அப்புறம் எப்போன்னு எனக்குத் தெரியாது."

"அவ்வளவுதானா?"

டூகல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். "பட்டாளத்தோட எங்கூடக் கப்பலேறி வந்த என் தங்கச்சி மோராக்கைக் கட்டியிருக்கான்."

சோர்லி கண்ணைத் திறந்தார். "மக்டாரன் பொண்ணையா?"

"ரொட்டி தின்னுட்டேன், பெரியவரே. ஞாபகம் இருக்கட்டும்."

வெளியே வந்தார். பனியில் கீழே பள்ளத்தாக்கு இல்லை, வீடு இல்லை, மனைவியைப் புதைத்த இடமும் இல்லை. எல்லாம் ஏற்கெனவே கப்பலேறிப் போய்விட்டது போலிருந்தது. மகன் உயிரோடிருக்கிறான் என்று சொன்னது ஒரு மக்டாரன் வாய். மக்டாரன் வாயிலிருந்து வந்த எதையும் அவர் இந்த வயது வரை நம்பியதில்லை. நம்பாமல் இங்கேயே இருந்தால், மகன் பாதி செத்தவனாகவே இருப்பான், தான் கண்ணை மூடும் வரை.

மார்சலி வாளியோடு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள், மறைக்கவுமில்லை.

"மாடுகளை நீ ஓட்டிக்கோ," என்றார் சோர்லி.

"அடப்பாவமே! ஒரு மக்டாரன் பேச்சை நம்பியா கடல் தாண்டப் போறீங்க?"

"யார் நம்பினா? நம்பலை. அதனாலதான் போறேன். நம்பியிருந்தா இங்கயே சந்தோஷமா உக்காந்திருப்பேனே."

மார்சலி சிரித்தாள், பிறகு முகத்தை மாட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "கறுப்பு மாடு உங்களைத் தேடும்ணே."

"அதுக்குப் புல்லைப் போடு, தேடாது."

இறங்கும்போது வழி தெரியவில்லை. காலடியில் நாலு எட்டுத் தரை மட்டும் இருந்தது. நடக்க நடக்க அதுவும் கூடவே வந்தது. சதுப்பு எங்கே என்று சோர்லிக்குத் தெரியும், அதனால் அவர் முன்னால் போனார். பின்னால் ஈரக் கம்பளி உரசும் சத்தம் விடாமல் வந்தது. ஓர் இடத்தில் சத்தம் நின்றதும் இவரும் நின்றார்.

"எங்கடா இருக்கே?"

"இங்கதான், பெரியவரே. செருப்பு மாட்டிக்கிச்சு."

காத்திருந்தார். அவன் பக்கத்தில் வந்ததும் முகத்துக்கு நேராக முகம் வைத்து, முதல் தடவையாக அவனை நன்றாகப் பார்த்தார்.

"உன் தங்கச்சிக்கும் இதே மூக்குத்தானா?"

"அச்சு அசலா இதேதான்."

"ம்," என்றார். திரும்பி நடந்தார். பனிக்குள்ளிருந்து உப்புக் காற்று வந்தது.

"பேரப்பிள்ளை ஏதாவது உண்டா?"

"வர்ற குளிர்காலத்துல."

"பாவம்," என்றார் சோர்லி. "அந்த மூக்கோடயா வரப்போகுது?" சொல்லிவிட்டு, நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்.