கை தூக்காத தலைவர்

நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அந்த அடுக்ககத்தின் நலச் சங்கத் தலைவருக்குக் கையைச் சும்மா வைத்துக்கொண்டு பேசத் தெரியாது. தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிச் சொன்னாலும் வலக்கை மேலே கிளம்பிப்போய், ஏதோ ஒரு சாம்ராஜ்யத்தைச் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் திரும்பும்.

அப்படிப்பட்டவரை, இரண்டு கைகளையும் நீட்டி, நான்கு மணி நேரம் மடக்காமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். கழுத்துக் கட்டியில் புற்றுநோய் எட்டிப் பார்த்திருந்தது. திங்கள்கிழமை மருந்து ஏற்ற ஆரம்பித்தால் வெள்ளை அணுக்கள் நைந்துபோகும். அதற்கு முன்பே தெம்பான அணுக்களை எடுத்து உறையவைத்துவிட்டால், பின்னால் நோய் திரும்பி வந்தாலும் அவற்றைப் பழக்கி அதன்மேல் ஏவிவிடலாம். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகும். அது சுழற்றி, வெள்ளை அணுக்களைப் பையில் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கை வழியே திருப்பி அனுப்பும்.

“என் படையைச் சேமிக்கப் போகிறேன்” என்று தலைவர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார். செயற்குழுக் கூட்டம் ஆஸ்பத்திரி அறையிலேயே நடக்கும் என்றும். பன்னிரண்டு வருஷமாக அவர் இல்லாமல் ஒரு கூட்டமும் நடந்ததில்லை. ஒருமுறை நடந்துவிட்டால், நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோகுமே.

துணைத்தலைவரும் செயலாளரும் வந்து சேர்ந்தார்கள். நான்காவது உறுப்பினரான தலைவரின் மனைவி காலையிலிருந்தே கட்டிலருகில் இருந்தார். ஓட்டெடுப்புக்கு ஒரு கை கூடுதலாக இருக்கட்டும் என்று தலைவரே போட்ட ஆள்.

“அன்பார்ந்த...” என்று தலைவர் தொடங்கியதும் வலக்கை கிளம்பியது. இயந்திரம் கீச்சிட்டது.

நர்ஸ் ஓடி வந்து கையை நேராக்கினாள். “சார், பை இன்னும் முக்கால்கூட ஆகலை. இன்னொரு தடவை மடக்கி ஊசி அடைச்சுக்கிச்சுன்னா இதோட நிறுத்திடுவோம். எடுத்தது பத்தாது.”

“திங்கக்கிழமைக்கு அப்புறம் எடுக்கக் கூடாதா?”

“அப்ப இவ்வளவு நல்லதா கெடைக்காது சார்.”

துணைத்தலைவர் தொண்டையைச் செருமினார்.

“தலைவரே, ஏழு வருஷமா தள்ளிப்போற தீர்மானம் ஒண்ணு இருக்கு. தலைவர் உரை அஞ்சு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. எதிர்க்கிறவங்க கை தூக்கலாம்.”

“நான் எதிர்க்கிறேன்.”

“வாயால சொன்னா செல்லாதுங்களே. நீங்க போட்ட விதிதானே அது.”

தலைவரின் தோள் துடித்தது. நர்ஸ் இயந்திரத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மனைவி அவர் மூக்கைச் சொறிந்துவிட்டுக்கொண்டே, “கையை அசைக்காதீங்க. தீர்மானம் போனா போகட்டும்” என்றார்.

விரல்கள் மெதுவாகப் படுக்கையில் படிந்தன. உரையா, உயிரா என்று அவர் ஒரு முடிவுக்கு வர முழுதாக அரை நிமிடம் ஆயிற்று.

“ஆதரிக்கிறவங்க?”

மூன்று கைகள் எழுந்தன. மூன்றாவது, வளையல் போட்ட கை.

“உன்னை உறுப்பினரா போட்டதே நான்தான்.”

“ஒரு கை உங்க மூக்கைச் சொறியுது. இன்னொண்ணு சும்மாதானே இருக்கு.”

துணைத்தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். ஒரு மணி நேரம் கழிந்தது. செயலாளர் நடவடிக்கைக் குறிப்பை முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தார். தலைவர் அசையவே இல்லை. ரத்தம் உறையாமலிருக்க இயந்திரத்தில் கலக்கும் மருந்தால் உதடு மரத்துப்போகிறது என்றபோதுகூட வாயை மட்டும் திறந்து, மனைவி ஊட்டிய சுண்ணாம்புச்சத்து மாத்திரையை மென்றார்.

கடைசியில் நர்ஸ் பையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளங்கை அகலத்தில், சிவப்பு வெளுத்த ஒரு கலங்கல்.

“இவ்வளவுதானா என் படை?”

“தாராளமா போதும் சார். கோடிக்கணக்குல இருக்கு.”

ஊசியை உருவி, பஞ்சை வைத்து ஒட்டினாள். “இப்ப வலது கையை நல்லா மேல தூக்கிப் பிடிங்க. ரத்தம் நிக்கட்டும்.”

தலைவர் தூக்கினார். செயலாளர் தலை நிமிர்ந்து பார்த்தார். குறிப்பில் ‘ஆதரவு மூன்று’ என்று எழுதியிருந்ததை அடித்தார்.

“தலைவரும் ஆதரவு. நாலுக்கு நாலு.”

தலைவர் வாயெடுத்தார். நர்ஸின் கையிலிருந்த பையைப் பார்த்தார். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

“சும்மா நாலுக்கு நாலுன்னா எழுதுறது?” என்றார். “‘ஏகமனதாக நிறைவேறியது’ன்னு போடுங்க. அதுலதான் ஒரு கம்பீரம் இருக்கு.”