நாலாவது வெளிச்சம்

இளமதி அடித்த ஜம்பம் கொஞ்சநஞ்சமல்ல. "சனிக்கிழம பிளெஸ்ஸி வீட்ல தங்கப்போறேனே!" என்று இரண்டாம் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள். அறந்தாங்கியிலிருந்து அப்பாவின் பைக்கில் கடலோரக் கட்டுமாவடிக்கு வந்து இறங்கியபோதும் மகாராணி போலத்தான் இறங்கினாள். "அழுக வந்தா போன் போடு, ஒடனே வந்துர்றேன்" என்ற அப்பாவிடம், "நான் ஏன் அழுவுறேன்?" என்று கேட்டவளும் அவளேதான்.

பொழுது சாய்ந்தது, ஜம்பமும் சாய்ந்தது. வகுப்புத் தோழி பிளெஸ்ஸியின் அம்மா ரீட்டா சுடச்சுடச் சோறு போட்டு நண்டுக் குழம்பு ஊற்றினாள். இளமதிக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அம்மாவின் சேலை முனையைப் பிடிக்காமல் அவள் இதுவரை தூங்கியதே இல்லை. அது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. உதடு பிதுங்கியது, மூக்கு விடைத்தது, அவ்வளவுதான், ஓவென்று அழுதுவிட்டாள்.

"ஆன்ட்டி, அப்பாவுக்குப் போன் போடுங்க."

"போடுறேன்டா கண்ணு. அதுக்கு முன்னாடி மாடிக்கு வா. ஒன்னைய ஒண்ணு கேக்கணும்."

மொட்டை மாடியில் கால் வைத்ததும் அழுகை பாதியில் நின்றுபோனது. அம்மாடியோவ்! பகலில் பார்த்த கடலே இல்லை இது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத அத்தனை பெரிய இருட்டு. அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விளக்குகள்.

"அதெல்லாம் நட்சத்திரமா?"

"இல்லடி, வள்ளம். மீன் பிடிக்கப் போயிருக்காங்க. அந்தா, ஓரத்துல இருக்குல்ல, அதுதான் எங்க அப்பா" என்றாள் பிளெஸ்ஸி. அவள் கையில் டார்ச் லைட். "வீட்ல எத்தன பேரு படுக்குறோமோ, ஆளுக்கு ஒருதடவ டார்ச் அடிப்போம். அவரும் லைட்ட துண்டால மூடி மூடித் தொறந்து, அதே மாதிரி காட்டுவாரு."

"அங்கிளுக்கு வீட்டு நெனப்பு வராதா?"

"வராமயா?" என்று சிரித்தாள் ரீட்டா. அவள் தோளில் கைக்குழந்தை ஃபிரெடி தூங்கி வழிந்தான். "அதுக்குத்தானே இந்த லைட்டு. இப்பச் சொல்லு, நீ இருக்கியா, போறியா? போனாலும் தப்பில்ல, இப்பவே போன் போட்டுர்றேன். ஆனா ஒன்னையச் சேத்து அடிச்சுட்டா நீ இங்கதான் படுக்கணும். அவருகிட்ட பொய் சொல்லக்கூடாது."

இளமதி கடலையும் டார்ச்சையும் மாறி மாறிப் பார்த்தாள். பிளெஸ்ஸி கடல் பக்கம் டார்ச்சைத் திருப்பி, அம்மாவுக்கு ஒருதடவை அடித்தாள், தம்பிக்கு ஒருதடவை, தனக்கு ஒருதடவை. பிறகு டார்ச்சை இளமதியிடம் நீட்டினாள்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். அந்தப் பெரிய இருட்டைப் பார்த்து, கண்ணை இறுக்கிக்கொண்டு, இளமதி பொத்தானை அமுக்கினாள்.

கடல் கம்மென்று கிடந்தது. அப்புறம் ஓரத்து விளக்கு மறைந்து தெரிந்தது. அது ரீட்டாவுக்கு. மறுபடி மறைந்து தெரிந்தது. மறுபடியும். அதோடு சும்மா இருந்துவிட்டது.

"என்னையக் காணலையே!" இளமதி கைப்பிடிச் சுவரை ஒட்டி எக்கிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து விளக்கு இன்னொரு தரம் மறைந்தது. அப்பாடி! வெளிச்சம் திரும்ப வந்தபோது, அந்த மனிதர் விளக்கை உயரத் தூக்கி, இப்படியும் அப்படியுமாக ஆட்டிக்கொண்டிருந்தார். முகம்கூடத் தெரியாத, அவ்வளவு தூரத்தில் தண்ணீர்மேல் தனியாக இருக்கிற ஒருவர், அவளுக்காக ஆட்டினார். இளமதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாயைத் திறந்தபடியே நின்றாள்.

"ஆன்ட்டி, அப்பாவுக்குப் போன் போடுங்க."

ரீட்டாவின் முகம் வாடிவிட்டது. "ஏன்டா கண்ணு?"

"வர வேணாம்னு சொல்லணும். அங்கிள் என்னைய எண்ணிட்டாருல்ல."