சைவச் சட்டியில் கோழிச் சூப்

எனக்குக் காய்ச்சல் வந்த நான்காம் நாள் என் கணவர் அடுப்படிக்குள் போனார். காய்ச்சலைவிட எனக்கு அதுதான் கலக்கமாக இருந்தது. காய்ச்சலுக்காவது டொக்டர் இரத்தம் சோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் இவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். பால்மா கட்டி கட்டியாக மிதந்தது. நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம், என் வாய் சும்மா கிடக்காது. எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். அன்றைக்கு வெளியே போன மனிசன் இருபத்தேழு வருஷமாக அடுப்படிக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்து எத்தனையோ தரம் என்னையே நான் ஏசியிருக்கிறேன்.

இன்றைக்குச் சுன்னாகம் சந்தையில் தோட்டத்து வெங்காயத்தை இறக்கிவிட்டு வரும்போது ஒரு ஊர்க்கோழியை உரித்து வெட்டுவித்துக்கொண்டு வந்தார்.

"நீர் பேசாமல் படும். நான் சூப் வைக்கிறன்," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமே?"

"உதென்ன பெரிய வித்தையே? மிளகும் சீரகமும் எங்கை கிடக்கு?"

"சிவப்பு மூடிப் போத்தல்."

"உள்ளி?"

"சுளகுக்கை."

உரலில் இடிக்கும் சத்தம் கேட்டது. மிளகும் உள்ளிப்பூண்டும் சேர்ந்து இடிபடும் வாசம் அறைவரை வந்தது. பரவாயில்லையே என்று நானும் சந்தோஷமாகப் புரண்டு படுத்தேன். அப்போதுதான் ணங் என்று ஒரு சத்தம்.

எங்கள் வீட்டில் மீன், கோழி எல்லாம் மண்சட்டியில்தான் காய்ச்சுவது. அது கீழே, பின்கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். மேல் தட்டில் இருப்பது எவர்சில்வர் சட்டி, என்னுடைய சைவச் சட்டி. வெள்ளிக்கிழமைச் சமையலுக்கும் கோயில் பொங்கலுக்கும் மட்டும்தான் அதை எடுப்பேன். கருவாட்டுத் துண்டின் வாசம்கூட இதுவரை அதில் பட்டதில்லை. மண்சட்டி ணங் என்று சத்தம் போடாது.

ஏச்சு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் நான் ஒரு சொல் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல் தோட்டத்துக்குப் போய்விடுவார். பிறகு இந்த ஆயுளுக்கு அடுப்படிப் பக்கம் வரமாட்டார். சட்டியா, மனிசனா? போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

"கமலா, உப்பு எவ்வளவு போடுறது?"

வாயைத் திறந்தால் உப்புக்கு முன்னால் சட்டிதான் வெளியே வரும். நித்திரைபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். காலடிச் சத்தம் கதவுவரை வந்து, கொஞ்சம் நின்று, திரும்பிப் போனது. பிறகு போனில் யாருடனோ மெதுவாகக் கதைத்தார்.

கோப்பையில் ஆவி பறக்கச் சூப் வந்தது. ஒரு வாய் குடித்தேன். உப்பு மருந்துக்கும் இல்லை, மிளகு மூன்று சட்டிக்குப் போதும். ஆனாலும் தொண்டை வழியாகச் சூடு இறங்க, அடைத்த மூக்கு திறந்தது. நாலு நாளுக்குப் பிறகு நாக்குக்கு ஏதோ தெரிந்தது.

"நல்லாயிருக்கு," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் முகம் மலரவில்லை, இன்னும் கறுத்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஓட்டோ வந்து நின்றது. ஒழுங்கை முகப்பில் ஓட்டோ வைத்திருக்கும் சிவதர்ஷன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, ஆசுபத்திரிக்கு வெளிக்கிடுவமே? அக்கா நடப்பாவோ?"

"ஆருக்கு ஆசுபத்திரி?" என்று கேட்டேன்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "கோழி கொதிக்கேக்கைதான் பாத்தன், உம்மடை சைவச் சட்டி. இப்ப ஏசுவீர், இப்ப ஏசுவீர் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். ஒரு சத்தமில்லை. உப்புக் கேட்டன், அதுக்கும் இல்லை. இப்ப உப்பில்லாத சூப்பை நல்லாயிருக்கு எண்டுறீர்." என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "எனக்குப் பயமாக்கிடக்கு, கமலா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிசனை இருபத்தேழு வருஷமாகக் கட்டியாண்டும் எனக்கு இது தெரியாமல் போயிற்றே. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி இருந்தேன்.

"கண் தெரியாதே உங்களுக்கு? மேல் தட்டிலை எட்டி எடுக்கத் தெரிஞ்ச ஆளுக்குக் காலுக்குக் கீழை கிடக்கிற மண்சட்டி தெரியேல்லையே? வாற வெள்ளிக்கிழமை நான் எதிலை காய்ச்சுறது, உங்கடை தலையிலையே?"

நான் நிறுத்தவில்லை. நாலு நாளாய் அடைத்துக் கிடந்ததெல்லாம் வந்தது. சிவதர்ஷன் ஓட்டோவைத் திருப்பினான்.

"அக்காவுக்குச் சுகம் அண்ணை. நான் வாறன்."

என் கணவர் சிரித்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"நிப்பாட்டாதையும். இன்னும் கொஞ்சம் ஏசும்," என்றார். "நான் உப்புப் போட்டுக்கொண்டு வாறன்."

சொல்லிவிட்டு, திரும்பவும் அடுப்படிக்குள் போனார்.