இருட்டில் யார் பின்னால் யார்

ஆல்தா வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஆனால் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு மூழ்கி உட்கார்ந்துவிட்டால் யாருக்கு வாய் சும்மா இருக்கிறது? ஐஸ்லாந்தின் வடகோடியில், மலை தாண்டி வெயில் எட்டிப் பார்க்காத டிசம்பர் காலையில், நிறைமாத வயிற்றோடு அவள் சொல்லிவிட்டாள்: கொஞ்ச நாளாக ஒரே கனவு, கும்மிருட்டில் ஓடுகிறாள், மூச்சு வாங்குகிறது.

தொட்டியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் நகர்ந்து அவளருகே வந்தார்கள். புயல் எச்சரிக்கைக்குக்கூட அந்த ஊர் இப்படிக் காது கொடுத்ததில்லை.

கனவுக்குப் பலன் சொல்வதைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த குத்னி முந்திக்கொண்டாள். "கனவைத் தலைகீழாத்தான் எடுக்கணும். இருட்டுன்னா வெளிச்சம். ஓடுறதுன்னா உக்காந்து சாப்பிடப் போறே."

"சாணியைக் கனவுல கண்டா பணம் கொட்டும்னு எனக்குச் சொன்னியே?" என்றாள் பக்கத்து வீட்டு ஹெர்திஸ். "கொட்டிச்சு. தொழுவத்துல, சாணி."

ஆல்தாவின் மாமியார் ரக்னா சிரிக்கவில்லை. "பின்னாடி காலடிச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்ட மாதிரிதான் இருந்துச்சு, அத்தை."

"ஒரு காலை இழுத்து இழுத்து?"

"பனியில எல்லாரும் இழுத்துத்தானே நடக்கறாங்க."

"எங்கப்பாதான்!" ரக்னா தண்ணீரிலிருந்து எழுந்தே விட்டாள். "பேர் கேட்டு வந்துட்டார்!"

அந்த ஊர் நம்பிக்கைப்படி, கர்ப்பிணியின் கனவில் செத்தவர் வந்தால் பிள்ளைக்குத் தன் பெயரை வைக்கச் சொல்கிறார் என்று அர்த்தம். மறுத்தால் பிள்ளைக்கு ஆகாது. பாதிரியார் பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விடுகிறவர்கள்கூட இந்த விஷயத்தில் விளையாட மாட்டார்கள்.

கொதிக்கிற தண்ணீரில் ஆல்தாவுக்குக் குளிரெடுத்தது. ரக்னாவின் அப்பா தித்ரிக், ஓர் ஆட்டுக்காக ஊரில் பாதிப்பேரோடு பேச்சை முறித்துக்கொண்டு, அந்தக் கோபத்தோடே போய்ச் சேர்ந்தவர். அந்தப் பெயரை வைக்க ரக்னாவும் எத்தனையோ பேறுகாலம் காத்திருந்தாள். எல்லாம் பேத்திகளாகவே பிறந்து தப்பித்துக்கொண்டன. இப்போது ஸ்கேனில் பையன் என்று வேறு சொல்லிவிட்டார்கள். ஆல்தாவோ சிந்த்ரி என்று முடிவு செய்து, ஞானஸ்நானம் வரை வெளியே சொல்லக் கூடாது என்ற வழக்கப்படி மனசுக்குள் பூட்டி வைத்திருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கும் சொந்தமில்லாத பெயர்.

வீட்டில் கணவன் ஓர்வாரிடம் முறையிட்டாள்.

"அம்மா சொல்றது சரியா இருக்கலாமே?"

"கனவு யாருக்கு வந்துச்சு?"

"உனக்குத்தான். அர்த்தம் அம்மாவுக்குல்ல தெரியும்?"

அம்மாவை எதிர்க்கும் வீரம் அவ்வளவுதான். மறுநாள் ஆல்தா தானே தொட்டியில் இறங்கினாள்.

"மறுபடி வந்துச்சு, அத்தை. இந்தத் தடவை நல்லாப் பார்த்துட்டேன். அவர் என்னைத் துரத்தல. நான்தான் அவரைத் துரத்துறேன். 'தாத்தா, உங்க பேர்தான் வைக்கப் போறோம், நில்லுங்க'ன்னு கத்துறேன். திரும்பிக்கூடப் பார்க்கலையே! ஓட்டம்னா அப்படி ஒரு ஓட்டம்."

நேற்றிலிருந்து ஓரங்கட்டப்பட்டிருந்த குத்னிக்கு உயிர் வந்தது. "பேரே வேணாம்னு ஓடுறாருடி! மீறி வெச்சா தொல்லைதான்."

ரக்னா மருமகளை முறைத்தாள். இது பொய் என்றால் நேற்றையதும் பொய்யாகிவிடும். மெல்லத் தாடைவரை தண்ணீரில் அமிழ்ந்தாள்.

"எங்கப்பா அப்படித்தான். ஞானஸ்நானம்னா ஆட்டைத் தேடறேன்னு மலைக்கு ஓடிடுவார். என்னோடதுக்கே வரல." ஒரு கணம் அவள் குரல் இறங்கிப்போனது. அப்புறம் சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா, எந்தப் பக்கம் ஓடினார்?"

இந்தக் கேள்விக்கு ஆல்தா தயாராக வரவில்லை. "துறைமுகம் பக்கம்," என்று வாய் தானாகச் சொன்னது.

துறைமுகத்தில் இருப்பது ரக்னாவின் கடைக்குட்டி மகள் ஸ்வாவா. "அப்படியா!" என்று ரக்னா துண்டைக்கூட மறந்து கரையேறினாள்.

ஆல்தா தலை துவட்டி முடிப்பதற்குள் ஸ்வாவாவின் ஃபோன் வந்தது.

"அம்மா கூப்பிட்டு, 'உனக்குப் பையன்தானே?'ன்னு கேக்கறாங்க! நான் உண்டாகியிருக்கறதை யார்கிட்டயும் சொல்லாதேன்னுதானே சொன்னேன், அண்ணி?"

"சத்தியமா நான் சொல்லலடி," என்றாள் சிந்த்ரியின் அம்மா. "தாத்தாதான் அந்தப் பக்கம் ஓடிட்டார்."