பெட்டிக்குள் வைத்த போத்தல்

மூன்றாம் தடவையும் பிள்ளை சூப்பியைத் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பியது. செல்வநாயகி கழுத்துக் கோணிய பிளாஸ்டிக் போத்தலை நிமிர்த்திப் பிடித்து நாலாம் தடவையும் வாயருகே கொண்டுபோனாள். பால் கன்னத்தால் வழிந்து காதுக்குள் போனது. வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தது. விறாந்தையில், பெட்டிக்குள், பிள்ளையின் தாய் பத்மாசினி கூறைச்சேலையோடு கிடந்தாள்.

விடியப்புறம் செத்தவள். இப்போது பகல் பன்னிரண்டு மணி. பிள்ளை பிறந்து ஐம்பத்திரண்டு நாள். முதல்நாள் இரவு தாயின் கையால் குடித்ததுதான் கடைசி. கரண்டியால் ஊட்டிப் பார்த்தார்கள். புரையேறி, உதடு நீலம் பாய்ந்து, பார்த்தவர்கள் எல்லோரும் பயந்து கரண்டியைப் போட்டுவிட்டார்கள்.

"பசிச்சா எதிலையும் குடிக்கும்," என்றாள் பக்கத்து வீட்டுப் பராசக்தி. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் அவள்தான் காலையிலிருந்து தன் வீட்டில் வெந்நீர் வைத்து வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். "உது பிறந்து ரெண்டு மாசம் இல்லை. உதுக்கு என்ன தெரியும், கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ எண்டு?"

பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அதுதான் தொல்லை.

செல்வநாயகிக்கு நாற்பத்தொரு வயது. கலியாணம் ஆகவில்லை. தம்பி மார்க்கண்டு மயிலிட்டியில் வள்ளம் வைத்திருந்தான். அவனுக்குச் சமைத்துப் போட்டு, அவனுடைய வலைக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றி, அந்த வீட்டுக் குசினியைப் பதினெட்டு வருடம் ஆண்டவள் அவள். பிறகு பத்மாசினி வந்தாள். சாவகச்சேரியில் ஒரு டிஸ்பென்சரியில் வேலை செய்தவள். மெலிந்த பெண், இருதயம் பலவீனம், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் சொன்ன சொல்லை மாற்றமாட்டாள். தாய்ப்பால் கொடுக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். உடனே தான் வேலை செய்த இடத்துக்கு ஆளனுப்பி இரண்டு கண்ணாடிப் போத்தல்கள் எடுப்பித்தாள்.

அதில் ஒன்றை உடைத்தது செல்வநாயகிதான். பிள்ளையின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவன்று, குளிர்ந்து கிடந்த போத்தலுக்குள் கொதிதண்ணீரை ஊற்றினாள். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்மாசினி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. மறுநாளே செல்வநாயகி பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனாள். கண்ணாடிப் போத்தல் எந்தக் கடையிலும் இல்லை. ஆனால் போன வருடம் தொடக்கம் கொழும்பிலிருந்து வந்து குவிகிற சாமான்களுக்குள் பிளாஸ்டிக் போத்தல் இருந்தது. இளநீலம், முயல் படம், கல்லில் அடித்தாலும் உடையாது. தன் கைப்பிழையை வாழ்நாளுக்கும் திருத்திவிட்ட நிம்மதியோடு அதை வாங்கிவந்தாள்.

பத்மாசினி மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். பிறகு கொதிக்கிற தண்ணீருக்குள் போட்டாள். எடுத்தபோது அதன் கழுத்து ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"சூட்டுக்கு நிக்காத சாமான், மச்சாள். மணக்கவும் செய்யுது. பிள்ளையின்ரை வயித்துக்கை போறதெல்லே," என்றாள். "கண்ணாடி எண்டா உள்ளுக்கை என்ன இருக்கு எண்டு தெரியும். அவிச்சா அவிஞ்சதுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் தன் கன்னத்தில் அறைந்தது போலத்தான் செல்வநாயகிக்கு இருந்தது.

புகையில் இருக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதால், மிஞ்சிய ஒரு போத்தலை அவிக்கிற வேலை செல்வநாயகியிடம் வந்தது. பச்சைத்தண்ணீரில் வைத்து, அடியில் சீலைத்துண்டு போட்டு, கொதித்த பிறகு மணிக்கூடு பார்த்துப் பத்து நிமிடம். இரண்டு நாள் அப்படிச் செய்தாள். மூன்றாம் நாள், ஆறு பிள்ளை பெற்ற தன் தாய் எதை அவித்தாள் என்று நினைத்தாள். வெந்நீரை விட்டு ஒரு குலுக்குக் குலுக்கிக் கொடுத்துவிட்டு, "ஓம், அவிச்சனான்," என்றாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். செல்வநாயகியின் புளுகு பதினொரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள், அதாவது நேற்றுப் பின்னேரம், பத்மாசினி குசினிக்குள் வந்து அவிக்கிற சட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சட்டி காய்ந்து கிடந்தது.

"பரவாயில்லை மச்சாள். நாளையிலை இருந்து நானே அவிக்கிறன்."

விடிய ஐந்து மணிக்குச் செல்வநாயகி எழும்பிப் போனபோது அவள் அடுப்படியில் சரிந்து கிடந்தாள். அடுப்பு நூர்ந்து சாம்பலாய்க் கிடந்தது. கையில் போத்தல், ஒரு கீறல் இல்லை.

அவள் ஏன் அடுப்படிக்குப் போனாள் என்பது ஊருக்குத் தெரியாது. கடலால் வந்து வள்ளத்தை இழுத்துவிட்டு, ஈரச்சாரத்தோடு ஓடிவந்த தம்பிக்கும் தெரியாது. இருதயம் பலவீனம், போய்விட்டாள் என்றுதான் எல்லோரும் பேசினார்கள்.

பிரேதத்தைக் குளிப்பாட்டியபோது போத்தலைக் கையிலிருந்து எடுக்கப் பார்த்தார்கள். மூன்று பெண்கள் மாறி மாறி இழுத்தும் விரல்கள் விடவில்லை. காரியங்களை நின்று நடத்திய ஆழ்வாப்பிள்ளைப் பெரியப்பாதான் கடைசியில் சொன்னார்.

"விடுங்கோ பிள்ளையள். கையோடை கொண்டுபோறதை மறிக்கக் கூடாது. மறிச்சா, தேடிக்கொண்டு வருவா."

எல்லோரும் தலையாட்டினார்கள். போத்தல்தானே, வீட்டில் இன்னொன்று இருக்கும் என்று நினைத்தார்கள். இல்லை என்று தெரிந்தவள் ஒருத்திதான். அவள் வாய் திறக்கவில்லை. கூறைச்சேலைத் தலைப்புக்குள் அந்தப் போத்தல் மறைந்தபோது, இனி இளநீலப் போத்தல்தான், இனிப் பிள்ளையும் குசினியும் தனக்குத்தான் என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. சொன்னதும் பயந்தாள். பயந்தும் பேசாமல்தான் நின்றாள்.

ஒரு மணிக்குச் சாவகச்சேரியிலிருந்து கார் வந்தது. பத்மாசினியின் தமக்கை மகாதேவி இறங்கி, பெட்டியில் விழுந்து அழுது முடித்துவிட்டு, நேரே அறைக்குள் வந்து பிள்ளையை வாங்கினாள்.

"என்னக்கா இது, சத்தம் இல்லாமல் அழுகுது?"

"பால் குடிக்குதில்லை."

மகாதேவி கெட்டிக்காரி. மூன்று பிள்ளைகளின் தாய். தன் கைப்பையிலிருந்து தன் கடைசிப் பிள்ளையின் போத்தலை எடுத்தாள். அதுவும் பிளாஸ்டிக், வெள்ளை, கோணாதது. பிள்ளை ஒருதரம் உறிஞ்சியது, முகத்தைச் சுளித்தது, துப்பியது.

"பெட்டி போன கையோடை நான் பிள்ளையைக் கொண்டு போறன்," என்றாள் மகாதேவி. "குறை நினையாதேங்கோ. பெத்துப் பாக்காத ஆளுக்கு உது பாரம். அங்கை ஆஸ்பத்திரியும் கிட்ட."

செல்வநாயகி எழுந்து யன்னல் பக்கம் போய் நின்றாள். பிள்ளையைக் கொண்டுபோனால் இந்த வீட்டில் தனக்கு இருக்கப்போவது தம்பியும் சோற்றுப்பானையும்தான் என்று நினைத்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அலுமினியச் சட்டிக்குள் தண்ணீர் கொதிக்கும்போது, உள்ளே கிடக்கிற கண்ணாடி மெல்ல மெல்லச் சட்டியில் முட்டுகிற சத்தம். கிண், கிண், கிண். குசினிப் பக்கமிருந்து வந்தது.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பியது.

"ஆர் அடுப்பு மூட்டினது?" என்று மகாதேவி கேட்டாள். "பிரேதம் கிடக்கேக்கை?"

செல்வநாயகி குசினிக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. திறந்தாள். அடுப்பில் காலையில் விட்ட சாம்பல், அதன் மேல் ஒரு பல்லி. சட்டி சுவரோரம் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. நிமிர்த்திப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அறையில் பிள்ளை மறுபடியும் அழத் தொடங்கியது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி கொஞ்சம் உள்வாங்கியிருந்ததை அவள் காலையிலேயே கண்டிருந்தாள். கண்டும் காணாதவள் போல இருந்தாள்.

விறாந்தையில் வாய்க்கரிசி போட்டு முடிந்துவிட்டது. பெட்டி மூடியை இரண்டு பேர் தூக்கினார்கள். பெண்கள் தலையிலடித்துக்கொண்டு கிட்ட வந்தார்கள்.

"பொறுங்கோ," என்றாள் செல்வநாயகி.

தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளே நினைக்கவில்லை. பறைகூட ஒரு அடி பிசகியது.

"என்ன பிள்ளை?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"அந்தப் போத்தல் வேணும், பெரியப்பா. வீட்டிலை வேறை கண்ணாடிப் போத்தல் இல்லை. பிள்ளை உதிலை மட்டும்தான் குடிக்கும்."

"உனக்கு விசரே? உள்ளுக்கை வைச்சதைத் திருப்பி எடுக்கிறதோ? நான் காலமை என்ன சொன்னனான்?"

"காலமை நான் வாய் திறக்கேல்லை. பிழை என்ரை." அவள் தம்பியைப் பார்த்தாள். மார்க்கண்டு மொட்டை அடித்த தலையோடு கொள்ளிக்குடத்தின் பக்கத்தில் நின்றான். "தம்பி, நான் போத்தல் அவிக்கிறனான் எண்டு பொய் சொன்னனான். பதினொரு நாள். அவ கண்டிட்டா. அதாலைதான் விடிய எழும்பி அடுப்படிக்குப் போனவ. இல்லாட்டிப் படுத்திருந்திருப்பா."

மார்க்கண்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"எடுக்கட்டும், பெரியப்பா," என்றான் கடைசியில்.

செல்வநாயகி குனிந்து கூறைச்சேலையின் தலைப்பை விலக்கினாள். காலையில் மூன்று பேர் இழுத்தும் விடாத விரல்கள். தொட்டாள், ஐஸ் போலக் குளிர்ந்தன. 'தா பிள்ளை' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு போத்தலைப் பிடித்தாள். விரல்கள் தாமாக விட்டன. ஒரு இழுப்பு இல்லை, ஒரு நெரிவு இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று கைமாற்றிக் கொடுக்கிற மாதிரி.

போத்தல் சூடாய் இருந்தது.

தலைமாட்டில் எரிகிற விளக்கின் வெக்கையாக இருக்கும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். விளக்கு ஒரு முழத்துக்கு அப்பால் இருந்தது. ஒருவரிடமும் சொல்லாமல் போத்தலைச் சேலைக்குள் செருகிக்கொண்டு வேலிப் பொட்டை நோக்கி நடந்தாள். பின்னால் மூடியில் ஆணி இறங்குகிற சத்தம் கேட்டது.

பராசக்தியின் குசினியில் சுவர் மணிக்கூடு இருந்தது. செல்வநாயகி பச்சைத்தண்ணீர் வார்த்து, அடியில் சீலைத்துண்டு போட்டு, போத்தலையும் சூப்பியையும் உள்ளே வைத்து அடுப்பை ஊதினாள். பறை ஒழுங்கை வழியே திரும்பிக் கடற்கரைச் சுடலைப் பக்கம் போகத் தொடங்கியது. பதினைந்து மாதம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவளைப் படலை வரைக்கும் போய் வழியனுப்பவில்லை. இப்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே மணிக்கூட்டைப் பார்த்தாள். தண்ணீர் கொதித்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஏழாம் நிமிடம் பறைச் சத்தம் கேட்காமல் போனது. பத்து முடிந்தும் இன்னும் ஒன்று விட்டுத்தான் இறக்கி, பால் கரைத்து ஊற்றினாள்.

திரும்பி வந்தபோது பெண்கள் வீட்டைக் கழுவி முடித்திருந்தார்கள். விறாந்தை ஈரமாகவும் வெறுமையாகவும் கிடந்தது. சுவரோரம் இருந்த வாங்கில் அமர்ந்து பிள்ளையை மடியில் வாங்கிச் சூப்பியை உதட்டில் வைத்தாள். பிள்ளை பிடித்துக்கொண்டது. மூக்கால் மூச்சுவிட நேரமில்லாமல் குடித்தது. கண்ணாடிக்குள் பால் ஒவ்வொரு கோடாக இறங்குவதைச் செல்வநாயகி பார்த்தாள். இதைப் பார்க்கத்தான் பத்மாசினி கண்ணாடி கேட்டாள் போலும் என்று நினைத்தாள்.

மகாதேவி கிட்ட வரவில்லை. தூணோடு நின்றாள். அவள் கண் பிள்ளையில் இல்லை, போத்தலில் இருந்தது.

"குடிக்குதக்கா."

"ஓம்."

"அவளின்ரை கையிலை, பெட்டிக்குள்ளை கிடந்த சாமான்..." மகாதேவியின் குரல் இறங்கியது. "குறை நினையாதேங்கோ. உதை என்ரை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டன். மூண்டு பிள்ளையள் இருக்கிற வீடு."

"அப்ப பிள்ளை?"

"உதிலைதானே குடிக்குது. உங்களோடையே இருக்கட்டும்."

கார் வெளிக்கிட்டுப் போனது. செல்வநாயகிக்குச் சந்தோசம் வந்தது. மறைக்க முடியாத சந்தோசம். செத்தவீட்டில் சந்தோசப்படுகிறோமே என்று வெட்கமும் கூடவே வந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் கிணற்றடிக்குத் தோயப் போனார்கள். ஆண்கள் சுடலையால் திரும்ப இன்னும் நேரம் இருந்தது. வீட்டில் அவளும் பிள்ளையும்தான்.

பால் பாதிக்கு இறங்கியதும் பிள்ளை உறிஞ்சுவதை மெதுவாக்கியது. கண்ணைத் திறந்தது. செல்வநாயகியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய வலது தோளுக்குச் சற்று மேலே, கிட்டத்தில், ஒரு ஆள் குனிந்து பார்க்கிற உயரத்தில் பார்த்தது. பார்த்துக்கொண்டே, சூப்பியை விடாமல், வாய்க்கடையால் சிரித்தது. பிறந்து இதுவரை அது சிரித்து அவள் கண்டதில்லை.

செல்வநாயகி திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையை அணைத்தபடி வாங்கில் இடப்பக்கமாக நகர்ந்து, வலப்பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, பால் இறங்குவது தெரிகிற மாதிரிப் போத்தலைச் சற்று அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.