மூன்றாவது கோடு

தம்பிக்குக் காய்ச்சல் திரும்பி வந்தபோது அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவன் லாரி ஓட்டுகிறவன். காட்டிலிருந்து மரம் ஏற்றி வருவான். வாய் நீளம் என்பதால் வீட்டில் அவனுக்கு 'ஜம்பம்' என்றே பெயர். போன மாதம் காட்டிலிருந்து மலேரியாவோடு வந்து இறங்கினான். மருந்து முழுக்கச் சாப்பிட்டான், தேறினான், எங்கள் வீட்டிலேயே தங்கி என் மகள் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிந்தான். கொசுவலைக்குள் படுடா என்றால், "என் ரத்தத்தைக் குடிச்சா கொசுவுக்குத்தான்க்கா ஆபத்து" என்பான். நடுவில் ஒரு தடவை காட்டுக்கும் போய்வந்தான். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, "ரெண்டாவது ஆட்டம்க்கா" என்று இளிக்கிறான். அறையலாம் போல இருந்தது.

என் வேலையே இதுதான். மலேரியாக் கிருமியின் மரபணுவைப் பார்க்கிற லேபில் இருக்கிறேன். காய்ச்சல் திரும்பி வந்தவர்களின் ரத்தம் எங்களிடம் வரும். ஒரே கேள்வி: பழசா, புதுசா? புதுசு என்றால் இன்னொரு கொசு கடித்திருக்கிறது, மருந்தின் மேல் குற்றமில்லை, அதையே மறுபடி கொடுக்கலாம். பழசு என்றால் மருந்துக்குத் தப்பிய கிருமி உள்ளேயே இருந்து பெருகியிருக்கிறது. அதை நினைத்தாலே எங்கள் லேபில் எல்லோருக்கும் முகம் சுண்டிவிடும்.

ஒரே ஆளின் ரத்தத்தில் கிருமிகள் நாலைந்து குடும்பமாக ஒண்டுக்குடித்தனம் நடத்தும். அவற்றின் மரபணுவை ஜெல் தட்டில் ஓடவிட்டால் குடும்பத்துக்கு ஒரு கோடு விழும். முதல் காய்ச்சலின் ரத்தத்தையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, கோடு பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

சொந்தக்காரர் ரத்தத்தை நான் தனியாகப் பார்க்கக் கூடாது என்று மேடம் பக்கத்திலேயே நின்றார். லேபுக்கே தலைமை அவர், அளந்துதான் பேசுவார். நீல விளக்கைப் போட்டேன். தம்பியின் முதல் ரத்தத்தில் இரண்டு தடித்த கோடுகள். இரண்டாவதில் ஒன்றே ஒன்று, அதுவும் வேறு இடத்தில். போன உயிர் திரும்பி வந்தது. புதுசு.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். முதல் ரத்தத்தில், இரண்டாவதின் கோடு விழுந்த அதே உயரத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி மூன்றாவதாக ஒரு கோடு. அது நிஜம் என்றால் பழசு.

மேடமும் குனிந்து பார்த்தார். "இவ்வளவு மங்கலா இருந்தா கணக்குல எடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு. வெறும் அழுக்காக்கூட இருக்கலாம். ரூல்படி புதுசுதான். எழுதிடும்மா."

அந்த ரூல் நல்ல ரூல்தான். அது இல்லாவிட்டால் நாங்கள் தினம் ஒரு பேயைப் பார்ப்போம். அதோடு, எனக்கு வேண்டியிருந்ததும் அந்தப் பதில்தான். உட்கார்ந்து எழுதப் போனேன்.

போன் அடித்தது. என் வீட்டுக்காரர்.

"குட்டிக்கு உடம்பு கொதிக்குது. நடுக்கத்துல பல்லு தந்தியடிக்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன், நீ நேரா அங்க வந்துடு."

பேனாவைக் கீழே வைத்தேன். குட்டிக்கு நாலு வயது. எங்கள் தெருவைத் தாண்டியதில்லை, எங்கள் பக்கத்தில் யாருக்கும் மலேரியா வந்ததுமில்லை. மாமனைக் கடித்த கொசு அவளையும் கடித்திருக்க வேண்டும். ஆனால் ஒருவரிடம் குடித்த கிருமி கொசுவுக்குள் வளர்ந்து, அடுத்தவர் உடம்பில் ஏறி, காய்ச்சலாக வெளியே வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். தம்பி இரண்டாம் தடவை காட்டுக்குப் போய் இரண்டு வாரம்தான் ஆகிறது. அப்படியானால் குட்டிக்கு வந்தது அவன் புதிதாகக் கொண்டுவந்தது இல்லை. எல்லாம் செத்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில், அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிந்தவனின் ரத்தத்தில் சாகாமல் இருந்த ஏதோ ஒன்று.

"மேடம், அந்த முதல் ரத்தத்தை இன்னும் நிறைய எடுத்துத் திரும்ப ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

போய்ச் சேர்ந்தபோது குட்டிக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. தம்பிக்கு வைத்தியம் பார்க்கிற அதே டாக்டர்தான். ரத்தத்தில் கிருமி மண்டிக் கிடக்கிறது என்றார். கையில் ஊசி தயாராக இருந்தது.

"அந்த மருந்து மட்டும் போதாது டாக்டர்."

"உங்க தம்பிக்குப் பழசா புதுசா?"

"ரூல்படி புதுசு. ஆனா முதல் ரத்தத்துலயும் அதே கோடு மங்கலா இருக்கு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நான் குட்டியைப் பார்த்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பழசுன்னா இன்னொரு மருந்தும் கூட ஏத்தணும். சின்ன உடம்பு. சர்க்கரை சட்டுனு இறங்கும், இதயத்துடிப்பு தடுமாறும். சும்மா ஒரு சந்தேகத்துக்கு நான் அதை ஏத்த மாட்டேன். நீங்க அந்தக் கோட்டைப் பார்த்தவங்க. சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். அவருக்கு எந்தக் கோடு என்றுகூடத் தெரியாது. நான் தப்பாகச் சொன்னால் மருந்தே என் மகளைக் கொல்லும். சொல்லாமல் விட்டால் கிருமி கொல்லும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த சொல்தான்.

"பழசு" என்றேன்.

டாக்டர் தலையாட்டினார். இரண்டு மருந்தும் ஏறத் தொடங்கின. குட்டியின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். மானிட்டரில் பச்சைக் கோடு ஒருமுறை தடுமாறியது, நர்ஸ் ஓடி வந்தார், பிறகு ஒழுங்காயிற்று. எனக்கு ஒழுங்காகவில்லை.

சாயங்காலம் மேடம் போன் செய்தார். "அழுக்கு இல்லம்மா. மூணாவது கோடு நல்லாத் தெரியுது. ஆஸ்பத்திரியில இருந்து வந்த குட்டியோட ரத்தத்துலயும் அந்த ஒரு கோடுதான். வேற எதுவுமே இல்ல." நான் சொன்னது சரி. இந்த ஒரு முறையாவது அது தப்பாகப் போயிருக்கக் கூடாதா.

கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. தம்பி, டிரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து வந்து நின்றான். குட்டியைப் பார்த்தான். வழக்கமாக ஏதாவது சொல்லுவான்.

"என்கிட்ட இருந்துதான் வந்துச்சாக்கா?"

"கொசுகிட்ட இருந்துடா. உனக்கும் மருந்தை மாத்தணும், போய்ப் படு."

அவன் போகவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான். குட்டி ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் அவனும் கூடவே இழுத்தான்.